ரெண்டு பேருக்கு ஒரு நாடு

தம்பி, தப்பா எடுத்துக்காதீங்க. பக்கத்து சீட்டுக்காரர் கம்ப்யூட்டரை எட்டிப் பாக்கற பழக்கமெல்லாம் எனக்குக் கெடையாதுங்க. சென்ட்ரல்ல ஏறுனதுல இருந்து ஜன்னலைத்தான் பாத்துட்டு வந்தேன். அரக்கோணம் தாண்டினதும் நீங்க அதைத் தெறந்தீங்க, கொம்பு ஊதறாப்புல ஒரு சத்தம் வந்துச்சு பாருங்க, அதைக் கேட்டதும் தலை தானாத் திரும்பிருச்சு.

அது அந்த நாடு புடிக்கற கேம்தானுங்களே? இங்கிலீஷ்ல நீளமா ஒரு பேரு இருக்குது, என்ற வாயில நுழையாது. நாங்க வீட்டுல ‘நாடு’ன்னுதான் சொல்லுவோம். “அப்பா, நாடு ஆடலாங்களா?”ன்னு வந்து நிப்பா. அவ்வளவுதான், லேப்டாப்பைத் தெறந்துருவோம்.

ஆமாங்க, நானும் ஆடுவேன். இந்த வயசுலயான்னு எல்லாரும் கேக்கறதுதான், கேளுங்க, பரவாயில்ல. உங்க மேக்கு எல்லையில காவலே இல்ல, பாத்துக்குங்க. மன்னிச்சுக்குங்க, பாத்தா வாய் சும்மா இருக்க மாட்டேங்குது.

உங்ககிட்ட ஒண்ணு கேக்கோணும். அந்த எக்ஸ்பேன்ஷன் வாங்கிட்டீங்களா? இந்த ஆட்டத்துக்கு மேல புதுசா ஒரு பாகம் சேத்து வித்தானுங்களே, அதுதான். ரெண்டு பேரு சேந்து ஒரே நாட்டை ஆளலாம்னு போட்டிருப்பான். நீங்க வெச்சிருக்கீங்களா? நல்லாருக்குதுங்களா? நெட்டுல நான் படிக்காத விமர்சனம் இல்லீங்க. பாதிப்பேரு ஆகா ஓகோங்கறான், பாதிப்பேரு காசுக்குக் கேடுங்கறான். நேர்ல ஆடற ஒரு ஆளைக் கேக்கோணும்னு எனக்கு ரொம்ப நாளா ஆசை. எங்க ஊருல எனக்குத் தெரிஞ்சு இதை ஆடற ஆளு ரெண்டே பேருதான். ஒண்ணு நானு, இன்னொண்ணு எம்பொண்ணு. அவளும் இப்ப ஊருல இல்ல.

அவளைப் பாத்துட்டுத்தானுங்க வர்றேன்.

என்ற பேரு நல்லசிவம். சேலத்துல லாரி புக்கிங் ஆபீஸ்ல மேனேஜரா இருந்தேன். செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் எந்த டிரைவரைக் கேட்டாலும் சொல்லுவான். ஒரே பொண்ணு, மோகனப்பிரியா. கோயமுத்தூருல இஞ்சினியரிங் படிச்சுட்டு இருந்தா. நான் காலையில போனா வீட்டுக்கு வர்றதுக்குள்ள அவ சாப்பிட்டு முடிச்சிருப்பா. அவளும் நானும் பேசிக்கிட்டதுன்னு எடுத்துப் பாத்தா, சாப்டியா, ஃபீஸ் கட்டியாச்சா, பஸ் ஏறிட்டியா, அவ்வளவுதானுங்க. சண்டையெல்லாம் ஒண்ணுமில்ல. பேச விசயம் இல்ல. எனக்கு எந்நேரமும் காதுல போனு. ஹூப்ளியில லோடு நிக்குது, கிருஷ்ணகிரியில டயர் வெடிச்சிருச்சுன்னு.

கொரோனா வந்துச்சுங்களா, லாரியெல்லாம் நின்னு போச்சு. போன் அடிக்கறதே நின்னுருச்சு. எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. வீட்டுக்குள்ளயே முன்வாசலுக்கும் பின்வாசலுக்கும் நடந்துட்டே இருப்பேன். அவளும் ஹாஸ்டலை மூடிட்டாங்கன்னு வீட்டுல இருந்தா. ஒரு நாள் அவதான் கூப்பிட்டா. “அப்பா, சும்மா நடக்காதீங்க, தலை சுத்துது. இங்க வந்து உக்காருங்க”ன்னு. உக்காந்தேன். ஸ்கிரீன்ல ரோடு போடறா, சரக்கு அனுப்பறா, எந்த ஊருல எது குறையுதுன்னு பாக்கறா. எனக்கு அது ரெண்டு நிமிசத்துல புரிஞ்சு போச்சு. “ஏங்கண்ணு, ஆத்தைச் சுத்தி எதுக்கு ரோடு போடறே? பாலத்தைக் கட்டிட்டு நேரா விடு”ன்னேன். அவ திரும்பி என்னைப் பாத்தா பாருங்க. எம்பொண்ணு என்னை அப்படிப் பாத்து நான் பாத்ததே இல்ல.

அதுக்கப்பறம் தெனமும் ஆட்டந்தான். அவ ஒரு லேப்டாப்பு, எனக்குப் பழசு ஒண்ணு. ஆளுக்கொரு நாடு, பக்கத்துப் பக்கத்துல. வீட்டுக்காரி வசந்தாமணி வந்து, “அப்பனும் மகளும் சோத்துக்காவது எந்திரிச்சு வாங்க”ன்னு சத்தம் போடுவா. ஆடறப்ப என்னென்னமோ பேசுவா என்ற பொண்ணு. காலேஜ்ல எந்த வாத்தியாரு எப்படிப் பேசுவாரு, எந்தப் புள்ள யாரைக் காதலிக்குது, அவளுக்கு என்ன வேலைக்குப் போக ஆசை, எல்லாம். கண்ணு ஸ்கிரீன்ல இருக்கும், வாய் பாட்டுக்குப் பேசும். நேரா மூஞ்சியைப் பாத்தா அவளுக்கும் பேச வராது, எனக்கும் வராது. அப்படி ஒரு வம்சம்னு வெச்சுக்குங்களேன்.

அப்பறம் லாரி ஓடுச்சு, காலேஜ் தெறந்துச்சு, அவ படிப்பு முடிஞ்சுது, எனக்கும் ரிட்டயர்மென்ட் வந்துச்சு. வரன் வந்துச்சு. திருச்செங்கோட்டுப் பக்கம், நல்ல குடும்பம். மாப்ள பேரு கௌதமன், ஜெர்மனியில கார் கம்பெனியில பெரிய வேலை. அமைதியான பையன். பொண்ணு பாக்க வந்தப்ப கூட ஒரு வார்த்தை அதிகம் பேசலீங்க. எனக்கு அதுவே புடிச்சுப் போச்சு. வளவளன்னு பேசறவனை நான் நம்ப மாட்டேன், லாரித் தொழில்ல பாத்தவன். அவ இன்னொரு வருசம் போகட்டும்னா. நல்ல எடம் காத்திருக்காதுன்னு நான் எடுத்துச் சொன்னேன். அவளும் சரின்னுட்டா. எம்பொண்ணு எதையும் அடம் புடிக்க மாட்டா.

அவ போறப்ப ஏர்போர்ட்டுல என்ன சொன்னா தெரியுங்களா? “அப்பா, ஞாயித்துக்கெழமை நாடு. மறந்துறாதீங்க”ன்னா. மறப்பனா?

நமக்குச் சாயங்காலம், அவளுக்கு மத்தியானம். காதுல ஹெட்போன் மாட்டிட்டு உக்காந்துக்குவேன். அவ பேருக்குப் பக்கத்துல பச்சைப் புள்ளி வரும். மாப்ள அந்நேரம் இருக்க மாட்டாரு, ஜிம்முக்கோ சைக்கிள் ஓட்டவோ போயிருவாராம். ரெண்டு மூணு மணி நேரம் ஆடுவோம். ஒரு ஞாயித்துக்கெழமை கூட தவறல. ஒரு தடவை எனக்குக் காய்ச்சல், கம்பளியைப் போத்திட்டு உக்காந்து ஆடினேன். வசந்தாமணி திட்டுனா பாருங்க.

அவ மொதல்ல எல்லாம் நல்லாத்தான் ஆடுவா. போகப் போகக் கவனம் கொறைஞ்சு போச்சு. நான்தான் சொல்லிச் சொல்லி இழுத்துட்டு வரோணும். ஒரு நாள் பாருங்க, திடீர்னு, “அப்பா, இங்க ஒரே பனிங்கப்பா. சத்தமே இல்ல”ன்னா. நான் மேப்பைப் பாத்தேன். வடக்கு மூலையில, பனிக்காட்டுக்குள்ள போய்த் தலைநகரம் கட்டி வெச்சிருக்கா. “அதுதான் அப்பவே சொன்னேனே கண்ணு, அங்க ஒண்ணும் வெளையாது, ஆளும் வராதுன்னு”ன்னேன். சிரிச்சா. சிரிச்ச மாதிரித்தான் கேட்டுச்சு, ஹெட்போன்ல சரியாத் தெரியல.

இன்னொரு நாள், “யாருமே எங்கிட்டப் பேச மாட்டேங்கறாங்கப்பா. நாள் கணக்கா ஒரு வார்த்தை இல்ல”ன்னா. கம்ப்யூட்டர் ஆடற நாடுக சிலது அப்படித்தானுங்களே, தூது அனுப்புனாத்தான் பேசும். “நீயா மொதல்ல ஒரு தூது அனுப்பு, பரிசு ஏதாச்சும் குடு, எறங்கி வருவான்”னு சொன்னேன். “எல்லாம் பண்ணிட்டேன்ப்பா”ன்னா. “அப்பப் பொறுமையா இரு. உன் கோட்டையை மட்டும் பாத்துக்க”ன்னேன். சரியான யோசனைதானுங்களே? நீங்களே சொல்லுங்க, நீங்களும் ஆடறீங்க.

அந்த சமயத்துலதான் எக்ஸ்பேன்ஷன் வந்துச்சு. வந்த அன்னிக்கே வாங்கிட்டா. அவ அப்படி ஆசைப்பட்டு எதையும் வாங்குனதே இல்லீங்க. “அப்பா, இதுல ரெண்டு பேரும் ஒரே நாடா இருக்கலாம். ஒரே அரண்மனை. நான் ஒரு வேலை பாத்தா நீங்க ஒரு வேலை பாக்கலாம். எல்லாத்தையும் பேசிப் பேசித்தான் முடிவெடுக்கோணும். நீங்களும் வாங்குங்க”ன்னா. ஆனா ரெண்டு பேருகிட்டயும் இருந்தாத்தான் ஆட முடியும். ஒருத்தர்கிட்ட இல்லைன்னா இருக்கறவங்களும் அதை அணைச்சு வெச்சுட்டுத்தான் பழைய ஆட்டத்தை ஆடோணும்.

எனக்கு மனசு ஒப்பலீங்க. வெலைக்காகச் சொல்லல, பெரிய வெலையும் இல்ல அது. கொள்கை. ஆட்டத்தை வித்தப்பவே முழுசா விக்கோணுமில்ல? வீட்டை வித்துட்டுக் கதவைத் தனியா விக்கற கதைதானே இது? இன்னொண்ணு, ஒரே நாட்டுக்கு ரெண்டு ராசா எதுக்குங்க? அவ ஒண்ணு சொல்ல, நான் ஒண்ணு சொல்ல, ஆட்டமே கெட்டுப் போகும். ஆளுக்கொரு நாடுன்னா அவளுக்கும் தனியா நின்னு ஆடத் தைரியம் வரும். நான் அதைத்தான் நெனச்சேன். அவ நல்லதுக்குத்தான்.

ஒவ்வொரு வாரமும் கேப்பா. நான் அந்த வாரம் படிச்ச விமர்சனத்தைச் சொல்லுவேன். ஒருத்தன் எழுதியிருந்தான், ரெண்டு பேரு சேந்து ஆடறப்ப நடுவுல நின்னு போகுதுன்னு. ஒருத்தன் தீவாளி ஆஃபர்ல வரும், பொறுத்திருங்கன்னு எழுதியிருந்தான். “பொறு கண்ணு, எங்க போயிரப் போகுது”ன்னேன். அவ, “பொறுத்துட்டேதான் இருக்கேன்ப்பா”ன்னா. அன்னிக்கு நான் அவ கெழக்குக் கோட்டையைப் புடிச்சேன். அதுல எனக்கு ஒரே சந்தோசம்.

அதுக்கு மறு வாரமோ என்னமோ, கொஞ்ச நேரம் ஒண்ணும் ஆடாம இருந்தா. அவ முறைன்னு ஸ்கிரீன்ல காட்டுது, ஆள் அசையல. “இருக்கியா அம்மிணி?”ன்னேன். “அப்பா, நான் இதையெல்லாம் விட்டுட்டு உங்க பக்கமே வந்துட்டேன்னா, எடம் குடுப்பீங்களா?”ன்னா.

நான் என்ன சொல்லுவேன்? கஷ்டப்பட்டுக் கட்டுன நாட்டை ஒருத்தன் பாதியில விட்டுட்டு ஓடி வரலாமுங்களா? “அதெல்லாம் பேச்சா கண்ணு? கட்டுனதை விட்டுட்டு வரக்கூடாது. உள்ளயே இருந்து தாக்குப் புடி. நாலு மாசம் போனா எல்லாம் சரியாயிரும்”னேன். ஆட்டத்துல நாலு மாசம்னா நாலு முறைதானுங்களே, அதைத்தான் சொன்னேன்.

“சரிங்கப்பா”ன்னா.

அடுத்த வாரம் ஆட்டத்தைத் தெறக்கறேன், ஒரு அறிவிப்பு வந்து நிக்குது. மோகனப்பிரியா உங்களுக்கு ஒரு பரிசு அனுப்பியிருக்கிறாங்கன்னு. தெறந்து பாத்தா அந்த எக்ஸ்பேன்ஷன். எனக்குச் சுருக்குன்னுச்சுங்க. பொண்ணைக் கட்டிக் குடுத்த எடத்துல இருந்து கை நீட்டி வாங்கறதா? அவ வேலைக்கும் போகல அங்க. அப்ப அது மாப்ள காசுதானே? நாளைக்கு அவரு ஒரு வார்த்தை சொன்னா நான் எங்க மூஞ்சியை வெச்சுக்கறது? கீழ ரெண்டு பொத்தான் இருந்துச்சு, ஏத்துக்கறீங்களா, வேண்டாங்கறீங்களான்னு. வேண்டாம்னு அமுத்திட்டேன். அமுத்திட்டு, “அப்பாவுக்கு வேணும்னா அப்பாவே வாங்கிக்குவேன் கண்ணு. நீ ஆட வா”ன்னு எழுதி அனுப்புனேன்.

பச்சைப் புள்ளி இருந்துச்சுங்க. நான் எழுதறப்ப இருந்துச்சு. கொஞ்ச நேரத்துல போயிருச்சு.

அதோட சரி. அப்பறம் வரல.

நானும் கோவம்னுதான் நெனச்சேன். சின்னப் புள்ளையிலயே கோவம் வந்தா சத்தம் போட மாட்டா, பேச்சை நிறுத்திக்குவா. தானா வருவா, தானாப் பேசுவா. வசந்தாமணி, “ஏனுங்க, ஒரு போன்தான் போடுங்களேன்”ன்னா. போட்டேன், எடுக்கல. “வேலையா இருக்கேன்ப்பா, நல்லா இருக்கேன்”னு மெசேஜு வந்துச்சு. நல்லா இருக்கேன்னு எழுதியிருக்காளே, அப்பறம் என்ன? ஒரு கேமுக்காக இவ்வளவு பிகு பண்ணுனா அப்பனே எறங்கிப் போகோணுமான்னு எனக்கும் கொஞ்சம் வீம்பு.

ஆனா ஞாயித்துக்கெழமை ஆனா உக்காந்துக்குவேங்க. ஹெட்போனை மாட்டிக்குவேன். பழைய ஆட்டம் அப்படியே நிக்கும். ‘மோகனப்பிரியாவின் முறை’ன்னு காட்டிட்டே இருக்கும். அவ ஆடாம எனக்கு ஒரு சிப்பாயைக் கூட நகத்த முடியாது. பாத்துட்டே உக்காந்திருப்பேன். வசந்தாமணி காப்பியைக் கொண்டாந்து வெச்சுட்டு ஒண்ணும் சொல்லாமப் போயிருவா. தீவாளி ஆஃபர் வந்துச்சு. அப்பவும் வாங்கல. அவ வரட்டும், வந்து கேக்கட்டும், அன்னிக்கே வாங்கி அவளை ஆச்சரியப்படுத்தலாம்னு வெச்சிருந்தேன்.

போன மாசம் ஒரு கல்யாணம், ராசிபுரத்துல. பந்தியில உக்காந்திருக்கேன், என்ற பங்காளி மகன் ஒருத்தன், சென்னையில வேலை, எதுத்தாப்புல உக்காந்துட்டு, “பெரியப்பா, மோகனாவை வேளச்சேரி பஸ் ஸ்டாப்புல பாத்தேன், பேசுனேன். எளைச்சுப் போயிருக்குது பெரியப்பா”ங்கறான். நான் சிரிச்சேன். “ஏன்டா, அவ ஜெர்மனியில இருக்கறா. யாரையோ பாத்துட்டு வந்து சொல்றே”ன்னு சத்தமாவே சொன்னேன். பந்தியே திரும்பிப் பாத்துச்சு. அவன் தலையைக் குனிஞ்சுட்டுச் சாப்பிட்டான். நான் வசந்தாமணியைத் திரும்பிப் பாக்கறேன். அவ எலையை மூடிட்டு எந்திரிச்சுப் போயிட்டா. பாயசம் கூட வாங்கல.

அவளுக்குத் தெரிஞ்சிருக்குதுங்க. மாசக்கணக்காத் தெரிஞ்சிருக்குது. ஊருக்குத் திரும்பி வர்ற பஸ்சுல கேட்டேன், ஏன்டி சொல்லலைன்னு. “உங்ககிட்டச் சொல்ல வேண்டாம்னு புள்ள சத்தியம் வாங்கிருச்சுங்க”ன்னா. அதுக்கு மேல அவ அழுததுல பக்கத்து சீட்டுக்காரங்க எல்லாம் என்னைத்தான் ஒரு மாதிரி பாத்தாங்க.

அந்தப் பரிசை அனுப்புன கொஞ்ச நாள்லயே கெளம்பி வந்துட்டாளாம். கூடப் படிச்ச ஷெரின்னு ஒரு பொண்ணு, அதுதான் வீட்டுல எடம் குடுத்து, அது வேலை பாக்கற எடத்துலயே வேலையும் வாங்கிக் குடுத்திருக்குது. இப்ப விவாகரத்துக் கேஸும் நடக்குது.

அதுக்குத்தானுங்க போனேன். ரெண்டு நாள் இருந்துட்டு வர்றேன். மடிப்பாக்கத்துல மாடியில ஒரு வீடு. கதவைத் தெறந்தது ஷெரின். “வாங்க அங்கிள்”னு பையை வாங்கிக்குச்சு. உள்ள இருந்து மோகனா வந்தா. எளைச்சுத்தான் போயிருந்தா. முடியை வெட்டியிருக்கா. “வாங்கப்பா. சாப்டீங்களா?”ன்னா. நான் வழியெல்லாம் கேக்கோணும்னு அடுக்கி வெச்சுட்டுப் போனது ஒண்ணும் வாயில வரல. “சாப்ட்டேன் கண்ணு”ன்னேன். சாப்பிடவே இல்லீங்க நான்.

அவ ஆபீஸ் போனப்பறம் ஷெரின்தான் கொஞ்சம் சொல்லுச்சு. அந்த ஆளு அடிக்கலையாம், குடிக்கலையாம். பேச மாட்டானாம். வாரக்கணக்குல ஒரு வார்த்தை பேச மாட்டானாம். இவ சமைச்சு வெச்சா எடுத்துக் குப்பையில போட்டுட்டு வெளியில சாப்பிட்டு வருவானாம். ஒரே வீட்டுக்குள்ள இவளை ஒரு ஆளாவே பாக்கலையாம். அங்க பாஷை தெரியாது, படிக்கப் போறேன்னாலும் விடல. “வந்த புதுசுல இவ பேசறதே மெதுவாத்தான் அங்கிள் கேக்கும், பேசறதுக்கே யோசிப்பா”ன்னு ஷெரின் சொல்லுச்சு. எனக்கு என்னன்னா, அடிக்கல, குடிக்கல, பேசாம இருந்ததுக்கு ஒரு கல்யாணம் முறியுமான்னு மனசுக்குள்ள ஓடுச்சு. அந்தப் பொண்ணுகிட்டச் சொல்லல.

சாயங்காலம் அவ வந்ததும் மொட்டை மாடிக்குப் போனோம். துணி எடுக்கப் போனா, நானும் கூடப் போனேன். “ஏங்கண்ணு, அப்பாகிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல?”ன்னு கேட்டேன்.

துணியை மடிச்சுட்டே, “சொன்னேனேப்பா”ன்னா.

“எப்பச் சொன்னே?”

“ஆடறப்ப.”

கோவமாச் சொல்லலீங்க. கோவமாச் சொல்லியிருந்தா நானும் ரெண்டு வார்த்தை பேசியிருப்பேன். சாதாரணமாச் சொன்னா, பால் வாங்கியாச்சுங்கற மாதிரி. “வாரம் பூரா நான் வாயைத் தெறந்து பேசற ஒரே நேரம் அதுதாங்கப்பா. சனிக்கெழமையே என்ன பேசறதுன்னு யோசிச்சு வெச்சுக்குவேன். உங்க சத்தத்தைக் கேட்டதும் நேராச் சொல்ல வராது. ஆட்டத்துல வெச்சுச் சொல்லுவேன். நீங்களும் ஆட்டத்துலயே பதில் சொல்லுவீங்க”ன்னா.

நான் அதைத்தான் யோசிச்சுட்டு வர்றேன் தம்பி. எப்பச் சொன்னா? எல்லா ஆட்டத்தையும் ஒண்ணு ஒண்ணா மனசுல ஓட்டிப் பாத்துட்டேன். குதிரைப்படை பேசியிருக்கோம், கோட்டை பேசியிருக்கோம், பனி பேசியிருக்கோம். ஆடறப்பச் சொன்னா ஆட்டத்தைப் பத்திச் சொல்றான்னுதானுங்களே நெனப்போம்? போனை எடுத்து, அப்பா, இந்த மாதிரி எனக்குக் கஷ்டம்னு சொன்னாப் புரியாதா எனக்கு? நான் என்ன கல்லா?

“நேரா நம்ம வீட்டுக்கு வந்திருக்கலாமேம்மா. எதுக்கு இங்க?”ன்னும் கேட்டேன்.

“வந்திருந்தா பேசிச் சமாதானம் பண்ணித் திருப்பி அனுப்பியிருப்பீங்கப்பா”ன்னா.

எவ்வளவு தப்பா நெனச்சிருக்கா பாருங்க. நான் அப்படிப்பட்டவனா? வந்த புள்ளையை நாலு நாள் வெச்சிருந்து, நல்லா ஆக்கிப் போட்டு, மாப்ள வீட்டுலயும் பெரியவங்களைக் கூட்டிட்டுப் போய்ப் பக்குவமாப் பேசி, அப்பறந்தானே அனுப்பி வெச்சிருப்பேன். எடுத்தேன் கவுத்தேன்னா அனுப்புவேன்?

அதைச் சொன்னேன் அவகிட்ட. அவ என்னையே பாத்தா. அப்பறம், “குளுருதுப்பா, கீழ போலாம்”னா. சென்னையில எங்கீங்க குளுரு?

இன்னிக்குக் காலையில கெளம்பறப்ப, எதாச்சும் நல்லபடியாப் பேசிட்டுப் போகோணும்னு, “அந்த எக்ஸ்பேன்ஷனை வாங்கிறட்டுமா கண்ணு?”ன்னு கேட்டேன். அவ வாசல்ல நின்னுட்டு என்ற சட்டைக் காலரைச் சரி பண்ணி விட்டா. “இப்ப நான் ஆடறதில்லீங்கப்பா. நேரமில்ல. உங்களுக்குப் புடிச்சா வாங்கிக்கோங்க”ன்னா. காலரைச் சரி பண்றதெல்லாம் அவ பண்ணுனதே இல்லீங்க. சின்னப் பசங்களுக்குப் பண்ற மாதிரி பண்ணுனா. ஆட்டோவுல ஏறுனேன். சென்ட்ரல் வர்ற வரைக்கும் அந்த ஆட்டோக்காரர் பேசுனது எதுவும் காதுல ஏறல.

அதுதான் உங்களைக் கேக்கறேன். வாங்கலாமுங்களா? நல்லாருக்குதுங்களா? ஓ, ஒருத்தரா இருந்தாலும் ஆடலாமுங்களா? இன்னொரு ராசாவா கம்ப்யூட்டரே கூட ஆடுமா? அது பேசுமுங்களா தம்பி? இல்ல, சும்மா கேட்டேன். பேசாது, தெரியும். அது அது பாட்டுக்கு ஆடிட்டு இருக்கும்.

வேண்டாங்க. கம்ப்யூட்டர் கூட ஆடறதுக்கு எனக்கு எதுக்கு அது?

கொஞ்சம் இருங்க. அவளையே இன்னொரு வார்த்தை கேட்டுக்கறேன். காலையில வாசல்ல நின்னுட்டு, அவசரத்துல சொல்லியிருப்பா. இது அவ சாப்பாட்டு நேரந்தான்.

ரிங் போகுதுங்க.

அம்மிணி... அப்பாதான். ரயில்லதான் இருக்கேன், ஜோலார்பேட்டை வரப் போகுது... சாப்ட்டேன், நீ கட்டிக் குடுத்ததைத்தான் சாப்ட்டேன். உப்பெல்லாம் சரியாத்தான் இருந்துச்சு... ஒண்ணுமில்ல கண்ணு. அந்த எக்ஸ்பேன்ஷன் இருக்குதுல்ல, இங்க பக்கத்துல ஒரு தம்பி வெச்சிருக்காரு, நல்லாருக்குதுங்கறாரு. நானும் வாங்கிரலாம்னு... ஆமா... இல்ல, இல்ல, உன்னைத் தொந்தரவு பண்ணல. இப்ப வேண்டாம், உனக்கு எப்ப முடியுதோ அப்ப. ஞாயித்துக்கெழமை வர்றியா? கொஞ்ச நேரம் ஆடுனாப் போதும். ஆடாட்டியும் பரவாயில்ல... ம்... ம்... சரி கண்ணு. சரி. நீ சாப்பிடு. வெச்சுடறேன்.

‘பாக்கலாங்கப்பா’ங்கறா.

மாட்டேன்னு சொல்லலீங்க. கவனிச்சீங்களா? மாட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லல. பாக்கலாம்னுதான் சொன்னா. உங்க வயசுதான் இருக்கும் அவளுக்கும். உங்க அப்பா உங்களுக்குப் போன் பண்ணி, ஞாயித்துக்கெழமை வர்றியான்னு கேட்டு, நீங்களும் பாக்கலாம்ப்பான்னு சொன்னா, வருவீங்கதானுங்களே?

ஏந்தம்பி ஒண்ணும் சொல்ல மாட்டேங்கறீங்க?

பரவாயில்ல, விடுங்க. இந்தாங்க என்ற போனு. எப்படி வாங்கறதுன்னு காட்டுங்க.